கியர் பாக்ஸ் மவுண்டிங்: வீட்டு ஷெட்டிலேயே மாற்றுவது எப்படி

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காருக்கடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். திரும்ப மிதித்ததும் இன்னொரு ‘டொக்’. ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் முன்னே போகும் டி-யிலிருந்து பின்னே போகும் ஆர்-க்குத் தள்ளும்போது இடுப்பில் ஒரு இடி. மேனுவலாக இருந்தால், வேகமெடுக்கும்போது கியர் லீவரே கைக்குள் அரை விரற்கடை நகர்வது தெரியும். இதைக் கேட்டவுடன் “கியர் பாக்ஸ் போயிருச்சு, இறக்கிப் பாத்துருவோம்” என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். இறக்குவதற்கு முன்னால், அந்தக் கியர் பாக்ஸ் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள். கெட்டுப்போனது உள்ளே இருக்கும் பல்சக்கரமாக இல்லாமல், வெளியே இருக்கும் உள்ளங்கை அளவு ரப்பராக இருக்கலாம்.

அந்த ரப்பருக்குத்தான் கியர் பாக்ஸ் மவுண்டிங் என்று பெயர். மேலே ஒரு இரும்புத் தகடு, கீழே ஒரு இரும்புத் தகடு, நடுவில் இரண்டோடும் சேர்த்து வேகவைத்து ஒட்டிய ரப்பர். மேல் தகடு கியர் பாக்ஸின் வால் பக்கத்தில் போல்ட் போட்டு நிற்கும். கீழ்த் தகடு, வண்டிக்குக் குறுக்கே போகும் கிராஸ் மெம்பர் என்ற இரும்புச் சட்டத்தில் நிற்கும். இன்ஜின் முன்னால், தள்ளும் சக்கரம் பின்னால் என்று இருக்கிற ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜினுக்கு இடமும் வலமுமாக இரண்டு மவுண்டிங், கியர் பாக்ஸின் வாலுக்கு ஒன்று அல்லது இரண்டு. முக்காலி மாதிரிதான்.

இந்த ரப்பருக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலை. கியர் பாக்ஸை அசையாமல் பிடிக்க வேண்டும். அதே சமயம் அதன் அதிர்வு பாடிக்கு வராதபடி கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இரும்போடு இரும்பாக முறுக்கிவிட்டால் பிடிப்பு பிரமாதமாக இருக்கும், ஆனால் ஐடிலிங்கிலேயே கண்ணாடி நடுங்கும். மெத்தென்று விட்டால் நடுக்கம் இருக்காது, கியர் பாக்ஸ் ஊஞ்சலாடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கெட்டித்தன்மையைக் கம்பெனி தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. மவுண்டிங் தேய்ந்தது என்றால் அந்தக் கெட்டித்தன்மை போய்விட்டது, அல்லது ரப்பர் இரும்பை விட்டே பிரிந்துவிட்டது என்று பொருள்.

எவ்வளவு விசை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் 400 நியூட்டன் மீட்டர் தருகிறது, முதல் கியரின் விகிதம் 3.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் போகும் ஷாஃப்ட்டை 1,440 நியூட்டன் மீட்டர் முறுக்குகிறது. ஷாஃப்ட்டை ஒரு பக்கம் முறுக்கினால், இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்த கூடு அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறக்குறைய 147 கிலோவைத் தொங்கவிட்ட முறுக்கு அது. இதில் பெரும்பகுதியை இன்ஜின் பக்கத்து மவுண்டிங்குகள் தாங்குகின்றன. வால் பக்கத்தில் இருப்பது எடையைச் சுமந்து, வால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆடாமல் பார்த்துக்கொள்கிறது.

இன்ஜினை நடுவில் வைத்த கார்களில் கதை வேறு. போர்ஷே பாக்ஸ்டர், கேமன் போன்றவற்றில், இரண்டு சக்கரத்துக்கும் முறுக்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால், முறுக்கு இன்னொரு தடவை மூன்று, மூன்றரை மடங்காகப் பெருகிய பிறகுதான் சக்கரத்துக்குப் போகிறது. அந்த எதிர்விசை மொத்தமும் மவுண்டிங்குகளின்மேல். அதனால் அங்கே ரப்பர் தளர்ந்தால் வண்டியின் குணமே மாறிவிட்டதுபோல இருக்கும். மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். அதில் கியர் பாக்ஸுக்குத் தனி மவுண்டிங்கே கிடையாது. கியர் பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் ஒரு நீளச் சட்டம் நேராகக் கோத்திருக்கிறது.

ரப்பர், காரைக்குடியைச் சுற்றிய நம் செட்டிநாட்டுக்குப் புதிய சரக்கல்ல. மலேயாவில் ரப்பர் தோட்டம் வாங்கியும், தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்தும் கொண்டுவிற்ற குடும்பங்களின் வீடுகள்தான் இந்த ஊர்களில் பாதி. அதே மரத்துப் பால்தான் இன்றைக்கும் மவுண்டிங்குக்கு அடிப்படை. இயற்கை ரப்பர் லட்சக்கணக்கான தடவை அமுங்கி எழுந்தாலும் சீக்கிரம் கிழியாது. அதற்கு ஆகாதது ஆயில். கியர் பாக்ஸின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து சொட்டுச் சொட்டாக மவுண்டிங்கின்மேல் விழுந்தால், ரப்பர் ஊறி உப்பி, நகத்தால் சுரண்டினால் உதிரும் அளவுக்கு இளகிவிடும். ஆகவே மவுண்டிங் ஈரமாக இருந்தால் முதலில் சீலை மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதுசும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

அடுத்தது சூடு. சைலன்சர் பைப் பக்கத்திலேயே ஓடுகிறது. அதை மறைக்கும் மெல்லிய தகடு துருப்பிடித்து விழுந்திருந்தால், ரப்பர் ஒரு பக்கம் மட்டும் வறண்டு வெடித்திருக்கும். மூன்றாவது, இந்தப் பக்கத்தில் அதிகம் பார்க்கக்கூடியது: சும்மா நிற்பது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வீட்டைத் திறந்து, அப்போது மட்டும் ஷெட்டிலிருந்து காரை எடுப்பார்கள். மீட்டரில் பார்த்தால் வருஷத்துக்கு 1,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. ஆனாலும் மாதக்கணக்கில் ஒரே நிலையில் எடையைச் சுமந்து நின்ற ரப்பர் அமுங்கியது அமுங்கியபடியே இறுகிவிடும். ரப்பருக்கு வயது கிலோமீட்டரில் மட்டும் கணக்கில்லை, வருஷத்திலும் கணக்கு.

இனி, கெட்டது மவுண்டிங்தானா என்று உறுதிசெய்வது. ‘டொக்’ சத்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு: ஷாஃப்ட்டின் ஜாயிண்ட், ஷாஃப்ட்டை இணைக்கும் ரப்பர் வட்டு, டிஃபரென்ஷியலின் புஷ். பிரித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. வண்டி சமதரையில் நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். கைபேசியை வீடியோவில் போட்டு, டார்ச்சும் எரியவிட்டு, கியர் பாக்ஸின் வால் தெரிகிற மாதிரி தரையில் சாய்த்து வையுங்கள். ஆட்டோமேட்டிக்காக இருந்தால் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு டி, ஆர், டி, ஆர் என்று நான்கு தடவை மாற்றுங்கள். மேனுவலில் முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு, வண்டி நகர எத்தனிக்கும் இடத்தில் திரும்ப மிதியுங்கள். ஒரு ஆள்கூட வண்டிக்கு அடியிலோ முன்னாலோ நிற்கக் கூடாது. பிறகு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மூன்று, நான்கு மில்லிமீட்டர் அசைவு சாதாரணம். வால் ஒரு விரற்கடை எழும்பி டக்கென்று விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது சோதனை, வண்டியைத் தாங்கி நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு. கியர் பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியை மெல்ல ஏற்றுங்கள். நல்ல மவுண்டிங்கில் ரப்பர் இழுபட்டுக் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். கெட்டதில் ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே வாய் திறந்த மாதிரி கறுப்பாக ஒரு இடைவெளி விரியும். எடை உட்கார்ந்திருக்கும்போது வெளியே தெரியாத கிழிசல் அப்போதுதான் தெரியும். ‘மவுண்டிங் பாத்தாச்சு, நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட்டு கியர் பாக்ஸை இறக்குகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த ஒரு சோதனையைத்தான். சில கார்களில் ரப்பருக்குள்ளே திரவம் நிரப்பியிருப்பார்கள். அதில் வெளியே ஈரக்கசிவு தெரிந்தாலே மாற்ற வேண்டியதுதான்.

புது மவுண்டிங் வாங்கும்போது வண்டியின் சேஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே மாடலில் மேனுவலுக்கு ஒன்று, ஆட்டோமேட்டிக்குக்கு ஒன்று என்று இருக்கும். தயாரித்த தேதி அச்சிட்டிருந்தால் பாருங்கள். ஐந்தாறு வருஷம் கடை அலமாரியில் கிடந்த ரப்பரைப் புதுசு என்று சொல்ல முடியாது. வாலில் இரண்டு மவுண்டிங் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பாலியூரித்தேன் மவுண்டிங்கும் கிடைக்கிறது. சாதாரண ரப்பரின் கெட்டித்தன்மை ஷோர் ஏ அளவில் 50, 60 என்று இருந்தால், இது 80, 90. ரேஸ் டிராக்குக்குச் சரி. தேவகோட்டைக்கும் பள்ளத்தூருக்கும் போய்வருகிற வண்டிக்கு இது வேண்டாத வேலை. கியர் பாக்ஸின் ஊளைச் சத்தம் முழுவதும் உள்ளே வந்து உட்காரும். பழைய லாரி டயரை வெட்டி வைப்பது அதைவிட மோசம். டயருக்குள் இருக்கும் நூலும் கம்பியும் அதை அமுங்க விடாது, உயரமும் மாறிப்போகும். உயரம் மாறினால் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரை முழுக்க அதிரும்.

வேலை செய்யும் இடத்துக்கு வருவோம். வீட்டு முகப்பிலோ பட்டாலை என்ற கூடத்திலோ ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஜாக்கி வைக்கவே கூடாது. கையால் வார்த்த சிமென்ட் ஓடு அது. மூன்று டன் ஸ்டாண்டின் ஒரு கால் பட்ட இடத்தில் நட்சத்திரமாகத் தெறித்துவிடும், அதே பூவை இன்னொரு தடவை அதே நிறத்தில் வார்த்து வாங்குவது லேசில்லை. கெட்டியான சிமென்ட் தரை வேண்டும். பின்கட்டுக்கு வெளியே செம்மண் தரைதான் இருக்கிறது என்றால், ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் ஒரு அடிக்கு ஒரு அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு போடுங்கள். மழை பெய்து ஊறிய மண் என்றால் வேலையை இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போடுங்கள். ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல், செம்புராங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஆகாது. அவை வளைந்து எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பர்மா தேக்குத் துண்டு ஜாக்கித் தலையில் வைக்க அருமையானது. ஆனால் அதைப் படுக்கவைத்துத்தான் வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் நூறு வருஷத் தேக்கும் ரேகையோடு பிளக்கும்.

வேண்டிய சாமான்கள்: மூன்று டன் ஸ்டாண்டு நான்கு, தாழ்வான ஜாக்கி ஒன்று, கியர் பாக்ஸுக்கு இன்னொரு ஜாக்கி, 13 முதல் 19 வரை சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், சொன்ன அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், கம்பி பிரஷ், துருவை இளக்கும் ஸ்ப்ரே. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அடியில் படுத்து முதல் போல்ட்டை அசைத்ததுமே அப்பியிருந்த செம்மண் நேராகக் கண்ணில்தான் கொட்டும்.

முந்தின நாள் இரவே எல்லாப் போல்ட்டுக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். ரப்பரில் படாமல் அடிக்க வேண்டும் என்ற கவலை இப்போது இல்லை, அது போகப்போகிறதுதானே; ஆனால் பூட்டும்போது அதே கையோடு புது ரப்பரில் அடித்துவிடாதீர்கள். வண்டி ஓடி மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், சைலன்சர் அவ்வளவு நேரம் சுடும். ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு ஒட்டியிருப்பதால் ஜாக்கி நுழையாமல் போகலாம். 40 மில்லிமீட்டர் பலகை இரண்டின்மேல் முன்சக்கரத்தை ஏற்றிக்கொண்டால் வழி கிடைக்கும். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று நான்கு ஸ்டாண்டிலும் வண்டி மட்டமாக நிற்கட்டும். பக்கவாட்டில் கையை வைத்து நன்றாக உலுக்கிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி ஏற்றுங்கள். வெறும் ஜாக்கியின் தயவில் ஒரு நிமிஷம்கூட அடியில் தலையை நுழைக்கக் கூடாது.

இப்போது இரண்டாவது ஜாக்கியை, 20 சென்டிமீட்டர் சதுரப் பலகையோடு கியர் பாக்ஸுக்கு அடியில் கொண்டுபோங்கள். மேனுவல் கியர் பாக்ஸ் சுமார் 40 முதல் 60 கிலோ, ஆட்டோமேட்டிக் 80, 90 கிலோ. இன்ஜின் எடையிலும் ஒரு பங்கு இந்த வாலில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கின் அடியில் இருக்கும் ஆயில் தட்டு மெல்லிய தகடோ பிளாஸ்டிக்கோதான். பலகையில்லாமல் தாங்கினால் குழி விழுந்து, ஆயில் உறிஞ்சும் ஃபில்ட்டரை அடைத்துக்கொள்ளும். முடிந்தால் அதைத் தவிர்த்து வார்ப்பு அலுமினியப் பகுதியில் தாங்குங்கள். எடையை வாங்குகிற அளவுக்கு, மூன்று மில்லிமீட்டர் ஏற்றினால் போதும்.

கழற்றும் முன் ஒரு போட்டோ. பிறகு கிராஸ் மெம்பர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அதைச் சுற்றி பெயிண்ட் பேனாவால் கோடு போடுங்கள், எது முன்பக்கம் என்று அம்புக்குறியும் போடுங்கள். அதன் துளைகள் பல வண்டிகளில் நீள்வட்டமாக இருக்கும். பழைய இடத்தைத் தவறவிட்டால் கியர் பாக்ஸ் கோணலாக உட்காரும். முதலில் மவுண்டிங்கை கியர் பாக்ஸோடு பிடிக்கும் நட்டுகளை அரைச் சுற்று இளக்குங்கள், கழற்ற வேண்டாம். அப்புறம் கிராஸ் மெம்பரின் போல்ட்டுகள். அது கையோடு வந்த பிறகு மவுண்டிங்கைக் கழற்றுவது ஐந்து நிமிஷ வேலை. வால் தாழ்ந்தால் இன்ஜினின் தலை பின்பக்கம் சாயும். ரேடியேட்டர் ஹோஸும் ஃபேனைச் சுற்றிய கூடும் இழுபடும். ஜாக்கியை 25 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள்.

போல்ட் இரும்பு, கியர் பாக்ஸ் அலுமினியம். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையை அடைக்கும். மின்வேதியியலுக்கென்றே 1948-இல் அடிக்கல் நாட்டிய ஆய்வு நிறுவனம் உள்ள காரைக்குடியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இறுகிய போல்ட்டைப் பலங்கொண்ட மட்டும் திருப்பாமல், கால் சுற்று இளக்கி, எட்டில் ஒரு சுற்று இறுக்கி, மறுபடி இளக்கி என்று விளையாட்டுக் காட்டி எடுங்கள். மரை உருவி வந்துவிட்டால் அளவு பெரிய போல்ட்டைச் சொருகிச் சமாளிக்க வேண்டாம். ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போடத் தெரிந்த லேத் பட்டறை ஆளை வீட்டுக்கு அழைப்பதே மரியாதை.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது ஐந்து, ஆறு மில்லிமீட்டர் குள்ளமாக இருப்பது வழக்கம். துளைகளின் தூரமும் போல்ட்டின் தடிமனும் மட்டும் அச்சாக ஒத்துப்போக வேண்டும்.

பூட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். போல்ட் எல்லாவற்றையும் முதலில் கையால் நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். ரெஞ்சோடு ஆரம்பித்தால் அலுமினிய மரை குறுக்கே ஏறிவிடும். எதையும் இறுக்காதீர்கள். அப்படியே தொளதொளவென்று விட்டு, ஜாக்கியை மெல்ல இறக்கி எடை முழுவதையும் மவுண்டிங்கின்மேல் உட்கார வையுங்கள். கியர் பாக்ஸின் வாலை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் இரண்டு மூன்று தடவை ஆட்டிவிடுங்கள். ரப்பர் தனக்கு வசதியான இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் இறுக்கம்: பாடியோடு கிராஸ் மெம்பர், கிராஸ் மெம்பரோடு மவுண்டிங், கடைசியாகக் கியர் பாக்ஸோடு மவுண்டிங்.

ஏன் இந்தப் பாடு? ஜாக்கி தூக்கிப் பிடித்திருக்கும்போதே இறுக்கினால், எடை இறங்கும்போது ரப்பர் இழுபட்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டி சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு இருந்துகொண்டே இருக்கும். புது மவுண்டிங் போட்ட பிறகும் ஐடிலிங்கில் நடுக்கம் என்று சொல்கிற வண்டிகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ரப்பருக்குள்ளிருந்து மரைத்தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் வகையில் இன்னொரு கண்ணி உண்டு: நட்டை இறுக்கும்போது தண்டும் சேர்ந்து சுற்றி, புது ரப்பரைப் பிழிந்த துணி மாதிரி முறுக்கிவிடும். தண்டின் நுனியில் ஆலன் கீ போட இடம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். தகட்டில் சின்ன மூக்கு ஒன்று இருந்தால் அது தன் துளையில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

எவ்வளவு இறுக்கம் என்பதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் புத்தகம்தான் கணக்கு. 8.8 தரப் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 8 மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் மீட்டர், 10-க்கு 45 முதல் 50, 12-க்கு 80-ஐ ஒட்டி இருக்கும். அலுமினியத்துக்குள் போகும் இடங்களில் இன்னும் குறைவாகவே சொல்லியிருப்பார்கள். இத்தனை நியூட்டன் மீட்டர், அதற்குமேல் இத்தனை டிகிரி என்று மேனுவலில் போட்டிருந்தால் அது இழுபடும் போல்ட். பழையதைத் திரும்பப் போடக் கூடாது.

இறக்குவதற்கு முன் சைலன்சர் பைப்புக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். வால் முன்பைவிட உயர்ந்திருப்பதால் சைலன்சரும் கூடவே ஏறியிருக்கும். வண்டியை இறக்கி, ஊருக்குள் நாலு வேகத்தடை, ஹைவேயில் ஒரு நீள ஓட்டம். அந்த ‘டொக்’ பாதிதான் குறைந்திருக்கிறது என்றால் இன்ஜின் பக்கத்து மவுண்டிங்குகளைப் பாருங்கள். வால் ஆடிக்கொண்டிருந்த அத்தனை மாதமும் கூடுதல் சுமையை வாங்கியவை அவைதான்.

காரைக்குடியிலிருந்து திருச்சி போகிற தூரம், ஒரு 90 கிலோமீட்டர் ஓடியதும் ஆறவிட்டு டார்க் ரெஞ்சால் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் நட்டின் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த ஆயில் மாற்றும்போது அந்தக் கோடு உடையாமல் நேராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். ஸ்பேனரை எடுக்கவே வேண்டியதில்லை.